ஒன்பது கேட்டால் எட்டு வரும்

விருத்தாசலத்தில் மலை கிடையாது. ஊர்ப் பெயருக்குப் பொருள் மட்டும் பழைய மலை. அந்தப் பெயரையே தமிழில் சூட்டிக்கொண்டு அங்கே நடமாடுகிற ஆண்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் பழமலை. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். "அந்த மலையும் இந்த ஒசரந்தான் இருந்திருக்கும். அதான் யார் கண்ணுக்கும் தெரியாம போயிட்டுது" என்பது அவர் மனைவி தேவியின் ஆராய்ச்சி முடிவு.

பழமலைக்கு ஐம்பத்தாறு வயது. பீங்கான் தொழிற்பேட்டையில் கலியமூர்த்தியின் பட்டறையில் முப்பத்தோரு வருடமாக அச்சு செய்கிறார். கிளியோ மயிலோ தக்காளி உண்டியலோ, எதுவானாலும் முதலில் அதற்கு ஒரு பிளாஸ்டர் அச்சு வேண்டும். அந்த அச்சில் மண்ணை வார்த்து, காயவைத்து, சுட்டு, வண்ணம் பூசி, மறுபடியும் சுடுவார்கள். இதில் வெளியாட்கள் கவனிக்காத சங்கதி ஒன்று இருக்கிறது. மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், வேகும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஒன்பது அங்குலமாக உள்ளே போகிற கிளி, சூளையை விட்டு எட்டு அங்குலமாகத்தான் வெளியே வரும். எட்டு அங்குலக் கிளி வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு செய்யவேண்டும். அச்சுக்காரரின் வித்தையெல்லாம் இந்த ஒரு அங்குலத்தில்தான் அடங்கியிருக்கிறது.

முப்பத்தோரு வருடம் ஒரே வேலையைச் செய்கிறவருக்கு அது தொழிலோடு நிற்பதில்லை, சுபாவமாகிவிடுகிறது. மகள் கல்யாணத்துக்கு எண்ணூறு பேர் வந்தால் போதும் என்று தொள்ளாயிரம் பேரை அழைத்தார். எண்ணூறு பேர் வந்தார்கள். பஸ்ஸுக்கு எட்டு நிமிடம் முன்னால் போனால் போதும் என்றால், ஒன்பது நிமிடம் முன்னாலேயே அங்கே போய் நிற்பார். தேவியும் சும்மா இல்லை. புருஷனைத் திட்டவேண்டிய அளவைவிட ஒரு பங்கு கூட்டியே திட்டப் பழகிக்கொண்டார். அது அவர் காதில் நுழைந்து உள்ளே இறங்குவதற்குள் சரியான அளவுக்கு வந்துவிடும்.

பழமலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. அரசாங்கத்துக்கு யோசனை சொல்வது.

இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறார். முதலில் தபால் அட்டை, பிறகு பதிவுத் தபால், பிறகு திங்கட்கிழமை மனுநாள், இப்போது செல்போனில் படிவம். சூளையிலிருந்து வீணாகப் போகிற அனலை வைத்து மழையில் நனைகிற கருவேப்பிலங்குறிச்சி பக்கத்து நெல்லைக் காயவைக்கலாம் என்று எழுதினார். பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர்களுக்குப் பின்னால் கண்டிப்பாகச் சிவப்பு விளக்கு வேண்டும் என்று எழுதினார். அரசு அலுவலகங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போகக்கூடாது என்று எழுதியதற்கு மட்டும் ஒரு பதில் வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலர் உணவு இடைவேளைக்குப் பின் பரிசீலிப்பார் என்று.

யோசனை சொல்வதிலும் அவருக்கு அச்சுக் கணக்குதான். "அரசாங்கமும் ஒரு சூளதான். நீ எத உள்ள அனுப்புனாலும் ஒன்பதுல ஒரு பங்கு சுருக்கித்தான் வெளிய வுடும். அதனால ஒன்பதாவே கேக்கணும்" என்பார். இதற்கு அவரிடம் அத்தாட்சி இருந்தது. ஒருமுறை பேட்டைக்கு எட்டுத் தெருவிளக்கு வேண்டியிருந்தது. ஒன்பது கேட்டார். எட்டு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் முப்பது தடவை ஒன்பது கேட்டு ஒன்றுமே வரவில்லையே என்று யாராவது கேட்டால், "அது வெடிச்சிப்போன கணக்கு. சுருக்கம் வேற, வெடிப்பு வேற" என்பார். இப்படிப் பதில் சொல்கிறவரோடு யார் வாதம் செய்வது?

போன புரட்டாசியில் பழமலைக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. இந்த மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனை, பெயர் எதற்கு? அங்கே போனார். வெயில் எந்த மருத்துவமனையிலும் பிளக்ஸ் போர்டை விட்டுவைப்பதில்லை. ஆறு மாதத்தில் எழுத்து, படம் எல்லாவற்றையும் நக்கிவிடும். வெள்ளையாய் வெளுத்த ஒரு போர்டைப் பார்த்து, அது பல்தான் என்று தானாக முடிவுசெய்து, பெஞ்சில் உட்கார்ந்தார். வரிசையில் நிறைய பெண்கள் இருந்தார்கள். பெண்களுக்குத்தான் இந்தக் காலத்தில் பல்வலி அதிகம் போல என்று எண்ணிக்கொண்டார். முக்கால் மணிநேரம் கழித்து நர்ஸம்மா வந்து கன்னத்தில் கை வைத்திருந்தவரைப் பார்த்து, "யாரு கூட வந்தீங்க? எத்தினியாவது மாசம்?" என்று கேட்டார்.

"வலிக்க ஆரம்பிச்சி ஒரு வாரந்தாங்க ஆவுது" என்றார் பழமலை.

அந்த பெஞ்சு அவ்வளவு நாளாகக் கண்டிராத சிரிப்பு. வாசல் காவலாளி ஜெயராஜ் வந்து அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். "ஒரு நாளைக்கி நூறு பேருக்கு வழி சொல்றேங்க. எனக்குத் தொண்ட கட்டிச்சின்னா ஆஸ்பத்திரியே நின்னுபூடும்" என்றார் போகும் வழியில்.

பல் போனது, யோசனை வந்தது. பீங்கானில் எழுதிய வண்ணம் வெளுக்காது. அரசாங்கம் பட்ஜெட்டுக்கு முன்னால் மக்களிடம் யோசனை கேட்டிருந்த படிவத்தில் பழமலை இப்படி எழுதினார்:

"மருத்துவமனையில் பிளக்ஸ் போர்டுக்குப் பதிலாகப் பீங்கான் ஓட்டில் கண், பல், எலும்பு, குழந்தை என்று படம் எழுதிச் சுவரில் பதிக்கவும். நூறு வருடம் வெளுக்காது. எங்கள் பேட்டையில் கொலுவும் கார்த்திகையும் முடிந்தால் தையிலிருந்து ஆனி வரை வண்ணம் தீட்டும் பெண்களுக்கு வேலை இல்லை. இதனால் நோயாளிக்கு வழி கிடைக்கும், இவர்களுக்கு வேலை கிடைக்கும். ஓட்டின் அளவு ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம்."

எட்டு அங்குலமே தாராளம். ஒன்பது என்று ஏன் எழுதினார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மார்கழியில் போன் வந்தது. மாவட்ட அலுவலகத்தில் அகல்யா என்று ஒரு இளம் அதிகாரி. "ஐயா, உங்க யோசனை செலக்ட் ஆயிருக்குது. அதே ஆஸ்பத்திரியில ஒரு வராண்டாவுல மட்டும் மாதிரிக்குப் போட்டுப் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. நாலு பிரிவு, இருபத்தி நாலு ஓடு. சட்டத்த நாங்க சுவர்ல அடிச்சிடுறோம், ஓட்ட நீங்க குடுங்க."

பழமலை போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் பேசாதிருந்த ஆள் திடீரென்று வாயைத் திறந்தால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பட்டறை முதலாளி கலியமூர்த்தி சந்தோஷத்தைக்கூட அளந்துதான் காட்டுவார். "தை மாசக் கடைசித் திங்கக்கிழம பாக்க வராங்க. புடிச்சிருந்தா இன்னும் பதினோரு ஆஸ்பத்திரி. வண்ணம் தீட்டற அருக்காணி செட்டுக்கு வைகாசி, ஆனி வரைக்கும் வேல ஓடும். புடிக்கலன்னா போன வருஷம் மாதிரிதான்."

போன வருஷம் என்பது அருக்காணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வண்ணம் தீட்டும் ஆறு பெண்களுக்கு அவர்தான் தலைவி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினம் பஸ்ஸில் வருபவர். கிளிக்குக் கண் வைக்க அவரைப்போல் ஆள் கிடையாது. மூன்று முடி உள்ள தூரிகையை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தால் கிளி நம்மைத் திரும்பிப் பார்க்கும். போன தையில் வேலை நின்றதும் ஆறு பேரும் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள். சோகை என்கிற கரும்பு இலை கீறிக் கீறி விரலெல்லாம் தடித்துப்போய், ஆடியில் திரும்பி வந்து தீட்டிய முதல் நூறு கிளிகளுக்கும் மாறுகண்.

"அண்ணே, இந்தத் திங்கக்கிழம ஒழுங்கா முடிஞ்சிதுன்னா, ஒன்னோட எல்லா மனுவையும் நானே ஒக்காந்து படிக்கிறேன்" என்றார் அருக்காணி. அவர் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய வாக்கு அது.

பழமலை ஒன்பது அங்குலத்துக்கு அச்சு செய்தார். எட்டு அங்குலத்தில் ஓடு வந்தது. கண்ணும் பல்லும் எலும்பும் குழந்தையும் அருக்காணியின் கையில் பளபளத்தன. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் சட்டத்தின் அளவு ஒன்பது என்றுதான் இருந்தது. அதைப் பழமலை படிக்காமலும் இல்லை. காகிதத்தில் ஒன்பது என்றால் சுவரில் எட்டு என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓடுகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். வராண்டா சுவரில் இருபத்து நாலு இரும்புச் சட்டங்கள், நேர்க்கோட்டில், நூல் பிடித்தாற்போல. முதல் ஓட்டை எடுத்துச் சட்டத்தில் வைத்தார். ஓடு உள்ளே போய் 'கடகட' என்று ஆடியது. நான்கு பக்கமும் அரை அங்குலம் சந்து. டேப்பை எடுத்தார். அச்சு அசலாக ஒன்பது. இரண்டாவது சட்டம், ஒன்பது. இருபத்து நாலும் ஒன்பது.

போன் போட்டார். "மேடம், சட்டம் ஒன்பது அங்குலம் அடிச்சிருக்காங்க."

"ஆமாங்க ஐயா, நீங்க ஒன்பதுன்னுதானே எழுதியிருந்தீங்க?"

"எழுதியிருந்தேன்..."

"மக்கள் யோசனையில ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. நானே நேர்ல வந்து டேப் புடிச்சிப் பாத்தேன்."

"கொஞ்சம் கொறச்சிருக்கலாமே மேடம்."

"எதுக்குங்க ஐயா கொறைக்கணும்?"

இந்தக் கேள்விக்குப் பழமலையிடம் பதில் இருந்தது. ஆனால் அதை ஒரு அதிகாரியிடம் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்யவில்லை என்று இருபத்திரண்டு வருடம் அரசாங்கத்தைக் குறை சொன்னவர், சொன்னதைச் செய்துவிட்டார்களே என்று பஸ்ஸில் நொந்துகொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறையில் விஷயத்தைச் சொன்னார். கலியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு வேணும்னா அச்சு ஒன்பது. ஒன்பது வேணும்னா?"

"பத்தே அரைக்கால்" என்றார் பழமலை, கேள்வி முடியுமுன்.

"கணக்கெல்லாம் நல்லாத்தான் வருது. புதுசா போட்டு எடுக்க?"

"காய வெக்க, சுட, எழுத, மறுபடியும் சுட... பதினஞ்சு நாளு."

"இருக்கறது மூணு."

அருக்காணி தூரிகையைக் கழுவி நிமிர்த்தி வைத்தார். "அப்ப நான் வூட்டுக்குப் போயி வெட்டுக்கத்தியத் தீட்டவா அண்ணே? அதுவும் தீட்டற வேலதானே."

பழமலை பட்டறைக்குப் பின்னால் போய்ச் சூளைக் கழிவுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குடைந்த கிளிகள், தலையில்லாத மயில்கள், வெடித்த தக்காளி உண்டியல்கள், மாங்காய் மூடியுள்ள ஊறுகாய் ஜாடிகள் அங்கே கிடந்தன. அவர் வாழ்நாளின் வெடிப்புக் கணக்கு முழுவதும் அங்கேதான் இருந்தது.

கொஞ்சநேரத்தில் அருக்காணி வந்தார். கையில் பல் படம் போட்ட ஓடு. திட்டத்தான் வந்திருப்பார். ஆனால் அவர் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஓட்டைத் தரையில் வைத்து, குவியலிலிருந்து உடைந்த கிளிச் சில்லுகளைப் பொறுக்கி ஓட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே திட்டினார். திட்டி முடிவதற்குள் ஓட்டைச் சுற்றி அரை அங்குலத்துக்குப் பச்சைக் கரை வந்துவிட்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இது... ஒடஞ்ச சாமானாச்சே" என்றார் பழமலை.

"இரு அண்ணே. நான் எங்க ஊரு பஸ்ஸுல எப்படி ஏர்றேன்? போர்டு படிச்சிட்டா? தூரத்துல மஞ்சக் கலரு தெரிஞ்சிதுன்னா ஓடிப்போயி ஏர்றேன். உன் பல்லு படம் பக்கத்துல போனாத்தான் தெரியும். கலரு அந்தக் கோடியிலேருந்தே தெரியும். பல்லுக்குப் போறவன் பச்சையப் புடிச்சிக்கிட்டே போறான், கண்ணுக்குப் போறவன் மயில் நீலத்தப் புடிச்சிக்கிட்டே போறான். என்னா கெட்டுப்பூடும்?"

"படிவத்துல நான் அப்படி எழுதலியே?"

"எழுதினத வெச்சித்தானே இந்த லட்சணத்துல ஒக்காந்திருக்கோம்!"

வெள்ளி, சனி இரண்டு நாளும் பட்டறையில் உடைக்கிற சத்தம். உடையாமல் பார்த்துக்கொள்வதற்காகவே முப்பத்தோரு வருடம் சம்பளம் வாங்கியவர் குறடை வைத்துக்கொண்டு கிளியும் மயிலுமாக நொறுக்கித்தள்ளினார். கையைக் கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு சில்லின் விளிம்பையும் கல்லில் தேய்த்தார்கள். பல்லுக்குக் கிளிப்பச்சை, கண்ணுக்கு மயில் நீலம், குழந்தைக்குத் தக்காளிச் சிவப்பு, எலும்புக்கு மாங்காய் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை ஆறு பெண்களும் வராண்டாவில் ஏணிபோட்டு வெள்ளைச் சிமென்டில் பதித்தார்கள். தேவி தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்தார். எட்டுப் பேருக்கு ஒன்பது பேர் சாப்பாடு. மிச்சத்தை ஜெயராஜ் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை அகல்யா வந்தார். கூடவே அவருக்கு மேலே ஒரு அதிகாரி, காதோரம் நரைத்தவர், நிதானமானவர். ஓடுகளைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி ஓடுகளைப் பார்த்தார்.

"ஓரத்துல இந்தக் கலர் வேலை ஒரிஜினல் யோசனையில இல்லையே?"

பழமலை திரும்பினார். தூணுக்குப் பக்கத்தில் அருக்காணி நின்றிருந்தார். முந்தானையைப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்க்காமலிருக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் வாசலில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, கண்ணில் துணியை ஒற்றிக்கொண்டே, ஜெயராஜிடம் வழி கேட்டார். ஜெயராஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீலத்தப் புடிச்சிக்கிட்டே நேராப் போங்க. மயிலு கலரு. அது எங்க முடியுதோ அங்க டாக்டரு."

ஒரு கண்ணை மூடியிருந்த அந்த மனிதர், படம் எதையும் பார்க்காமல், நீலக் கரைகளை எண்ணுவதுபோல ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். வராண்டா திரும்பும் இடத்தில் சிவப்பும் மஞ்சளும் ஒரு பக்கம் பிரிந்தன. அவர் கொஞ்சம் நின்று, இன்னொரு பக்கம் நீலத்தோடு திரும்பி, கண் டாக்டர் அறைக்குள் நுழைந்தார்.

அதிகாரி அவரை அறை வரைக்கும் கண்ணால் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார். "பரவால்லையே. இதுக்காகத்தான் சட்டத்துல ஒரு அங்குலம் கூடுதலா கேட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கலியமூர்த்தி அந்தச் சொல்லைத் தன் வாயிலேயே தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"இல்லிங்க ஐயா" என்றார் பழமலை. "எட்டுதான் வேணும். ஒன்பதுன்னு எழுதினா நீங்க எட்டாக் கொறச்சிக் குடுப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க கொறைக்கல. சந்துல என்னா பண்றதுன்னு தெரியாம, இந்த அம்மாதான் ஒடஞ்ச சில்ல வெச்சி அடச்சாங்க. கலரு யோசன அவங்களுது."

கலியமூர்த்தி கண்களை மூடிக்கொண்டார். அகல்யா காகிதத்தில் எதையோ தேடினார். அதிகாரி முதலில் சிரிக்கவில்லை. பிறகு, அதிகாரிகள் சிரிக்கிற அளவுக்குச் சிரித்தார். "அப்ப எங்க மேல உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை?"

"தெருவிளக்கு குடுத்தப்ப அப்படித்தாங்க ஆச்சு."

"சரி. இப்படியே போடுங்க, கரையோட. சில்லு குவியல்ல இன்னும் இருக்குதா?"

"அதுக்குப் பஞ்சமே இல்லிங்க" என்றார் அருக்காணி, தூணை விட்டு வெளியே வந்து.

ஒரு மருத்துவமனை முழுவதற்கும் எத்தனை ஓடு தேவைப்படும் என்று அகல்யா கேட்டார். பழமலை வாயைத் திறந்தார். நூற்றறுபது வேண்டும். அப்படியானால் கேட்கவேண்டியது நூற்றெண்பது. நாக்கு நுனிவரை அந்த எண் வந்துவிட்டது.

"நூத்தி அறுவதுங்க மேடம்" என்று அருக்காணி முந்திக்கொண்டார். "கூட வேணாம், கொறையவும் வேணாம். அண்ணன் வேற ஏதாவது சொன்னா எழுதிக்காதீங்க."

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. கலியமூர்த்தி பட்டறை நடுவில் நின்று படித்தார். பதினோரு மருத்துவமனை. கரையோடு கூடிய ஓடு. மருத்துவமனை ஒன்றுக்கு நூற்று நாற்பது.

"எவ்வளவு?" என்றார் பழமலை.

"நூத்தி நாப்பது."

அகல்யாவுக்குப் போன் போட்டார்கள். "நான் நூத்தி அறுபதுன்னுதாங்க எழுதி அனுப்பினேன். மேல போயிட்டு வரும்போது நூத்தி நாப்பதா ஆயிட்டுது ஐயா. ஏன்னு எனக்கே தெரியல."

நூற்றறுபதில் ஒன்பதில் ஒரு பங்கு ஏறக்குறைய பதினெட்டு; குறைந்தது இருபது. பழமலையின் முகத்தில் ஒரு ஒளி வந்தது. பல் பிடுங்கிய பிறகு அப்படி ஒரு ஒளியை யாரும் அங்கே பார்த்ததில்லை. "பாத்தியா! பாத்தியா! நான் சொன்னன்ல?"

"சொன்னே" என்றார் அருக்காணி. "எங்களுக்குப் பன்னண்டு நாள் வேல கொறஞ்சிபோச்சி. ஒனக்கு மூஞ்சியில சிரிப்பு." ஆனால் அவர் கை அதற்குள் வண்ணக் கிண்ணங்களை வரிசையாக எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தது. மாசியில் ஆரம்பித்தால் வைகாசி வரை ஓடும். இந்த வருடக் கரும்பை வேறு யாராவதுதான் வெட்டவேண்டும்.

கொடுத்த வாக்கை அவர் மறக்கவில்லை. ஒரு மதியம், சாப்பிட்ட கையோடு, பழமலையின் மனு நகல் கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சூளை அனலில் நெல் காயவைக்கிற மனுவை இரண்டு தடவை படித்தார்.

"இது நல்லாத்தானே இருக்குது. இத எதுக்கு அண்ணே வுட்டுட்டே? இன்னொரு தடவ எழுதேன். ஆனியில எங்களுக்கு அந்த வேல ஆவும்."

பழமலை செல்போனை எடுத்தார். படிவத்தில் எத்தனை மூட்டை என்ற கட்டம் வந்ததும் கை நின்றது. உள்ளதை உள்ளபடி எழுதினால் குறைக்கிறார்கள். கூட்டி எழுதினால் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். இப்படி ஒரு மண்ணை அவர் முப்பத்தோரு வருடத்தில் கண்டதில்லை.

"எட்டு மூட்டதானே காயும், எட்டுன்னே போடு" என்றார் அருக்காணி.

எட்டு என்று போட்டார். பிறகு, இதர விவரங்கள் என்ற இடத்தில், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: "சுருக்கம் சேர்க்கவில்லை."